எக்சாமென் என்றால் தேர்வு அல்ல: சுவீடன் சான்றிதழ் கேள்வி–பதில்

சுவீடன் பல்கலைக்கழகச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றிக் கேள்விகள் குவிந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம். சுவீடிஷ் சொற்களை அந்த ஊர் உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு ஓரிரண்டு சொற்கள் வேறு மாதிரித் தெரியும்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த சான்றிதழில் ‘ஃபிலொசொஃபீ காண்டிடாட்எக்சாமென்’ என்று இருக்கிறது. ‘கேண்டிடேட் எக்ஸாமினேஷன் இன் ஃபிலாசஃபி’ என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

பதில்: ஒரே வரியில் மூன்று தவறு வந்துவிடும். சுவீடிஷில் ‘எக்சாமென்’ என்றால் பட்டம். உட்கார்ந்து எழுதும் தேர்வுக்கு அவர்கள் சொல்வது ‘தென்டாமென்’. ‘காண்டிடாட்’ என்பது தேர்வு எழுத வந்தவரைக் குறிப்பதில்லை, அது பேச்சலர் பட்டம். ‘ஃபிலொசொஃபீ’யைப் பார்த்துத் தத்துவம் படித்தவர் என்றும் நினைக்க வேண்டாம். பழைய தத்துவப் பிரிவின் கீழ் இருந்த எல்லாப் பாடங்களுக்கும் ஒட்டிக்கொண்ட முன்னொட்டு அது. வேதியியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் ஃபிலொசொஃபீ காண்டிடாட்தான்.

ஆங்கிலத்தில் ‘டிகிரி ஆஃப் பேச்சலர் ஆஃப் சயின்ஸ்’ அல்லது ‘டிகிரி ஆஃப் பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ என்று வர வேண்டும். எது என்பதை முதன்மைப் பாடம் தீர்மானிக்கும். அதற்குச் சுவீடிஷில் ‘ஹூவுட்ஓம்ரோடெ’ என்று பெயர். எந்தப் பாடம் எந்தப் பக்கம் என்பதில் எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அதனால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

முடிவு செய்ய வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது. சுவீடன் பட்டச் சான்றிதழ்கள் பலவற்றில் பட்டத்தின் ஆங்கிலப் பெயரும் அச்சாகியே வரும். 2003 முதல் ‘டிப்ளமா சப்ளிமெண்ட்’ என்ற ஆங்கில இணைப்பும் கூடவே தரப்படுகிறது. வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் அந்த இணைப்பைக் கேளுங்கள். வீட்டில் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும். அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எடுத்துப் போட வேண்டும். அழகுபடுத்தத் தோன்றும், கைவைக்காதீர்கள். இணைப்பு கிடைக்காவிட்டால் யூ.எச்.ஆர். எனப்படும் உயர்கல்விக் கவுன்சிலின் சுவீடிஷ்–ஆங்கிலச் சொல்தொகுப்பைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பட்டப் பெயர்களுக்கு அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் விதிக்கும் அமைப்பும் அதுதான்.

கேள்வி: என் மகளின் பாடப் பட்டியலில் ‘அவான்செராட் நிவோ’ என்று இருக்கிறது. அட்வான்ஸ்டு லெவல் என்று எழுதிக் கொடுத்தேன். கொழும்பில் உள்ள உறவினர், “இது ஏ.எல். சான்றிதழா?” என்று கேட்கிறார்.
— வாசகி, ஸ்டாக்ஹோம்

பதில்: உறவினரைக் குறை சொல்ல முடியாது. இலங்கையில் அட்வான்ஸ்டு லெவல் என்றால் உயர்தரப் பரீட்சைதான், பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு முந்தைய படி. சுவீடனில் ‘அவான்செராட் நிவோ’ பேச்சலருக்கு மேலே உள்ள படி. இரண்டுக்கும் நடுவே ஒரு முழுப் பட்டம் இருக்கிறது.

2007 ஜூலை 1 அன்று சுவீடன் தன் உயர்கல்வியை ஐரோப்பியப் பொது ஒழுங்குக்கு மாற்றியது. அன்று முதல் படிகள் மூன்று. ‘க்ருண்ட்நிவோ’ ஆங்கிலத்தில் ஃபர்ஸ்ட் சைக்கிள், ‘அவான்செராட் நிவோ’ செகண்ட் சைக்கிள், ‘ஃபோர்ஸ்கார்நிவோ’ தேர்ட் சைக்கிள். ‘சைக்கிள்’ என்ற சொல் நம் காதுக்கு விநோதமாகத்தான் ஒலிக்கிறது. ஆனாலும் வேறு எந்த நாட்டுப் படியோடும் மோதாத சொல் அது ஒன்றுதான். ‘க்ருண்ட்நிவோ’வை பேசிக் லெவல் என்று எழுதினாலும் இதே கோளாறு. மூன்று ஆண்டு பேச்சலர் படிப்பு, தொடக்கப் பள்ளி போலத் தோன்றும்.

பழைய ஆவணங்களில் ‘க்ருண்ட்உத்பில்ட்னிங்’ என்று ஒரு சொல் வரும். 2007க்கு முன் அது முனைவர் படிப்புக்குக் கீழே உள்ள அனைத்தையும், மாஸ்டர் அளவு படிப்பையும் சேர்த்தே குறித்தது. அதைப் போய் ‘ஃபர்ஸ்ட் சைக்கிள்’ என்று மாற்றினால் ஒருவரின் மேல்படிப்பைக் கீழே தள்ளியதாகும்.

கேள்வி: 1990களில் படித்த ஒருவரின் பாடப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் 20 ‘புவெங்’ என்கிறார்கள். புதிய பட்டியல்களில் எச்.பி. என்று வருகிறது. இரண்டையும் ‘கிரெடிட்ஸ்’ என்று எழுதிவிடலாமா?
— வாசகர், கோத்தன்பர்க்

பதில்: எழுதினால் அந்த மனிதரின் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பழைய முறையில் ஒரு வார முழுநேரப் படிப்புக்கு ஒரு புவெங், ஓர் ஆண்டுக்கு 40. புதிய முறையில் ஆண்டுக்கு 60 ‘ஹொக்ஸ்கூலெபுவெங்’. சுருக்கமாக எச்.பி. என்பது இதுதான். ஐரோப்பிய ஈ.சி.டி.எஸ். கிரெடிட்டும் இதுவும் ஒன்றே. ஆகவே பழைய ஒன்று புதிய ஒன்றரைக்குச் சமம். பழைய 120 புவெங் காண்டிடாட்டும் புதிய 180 எச்.பி. காண்டிடாட்டும் ஒரே மூன்றாண்டுப் படிப்புதான். இரண்டுக்கும் ‘கிரெடிட்ஸ்’ என்றே போட்டால் பழையவர் இரண்டு ஆண்டு படித்தவராகிவிடுவார்.

பழைய பட்டியலில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: ‘ஃபொரெடாக்ஸ்எகொனொமீ சி, 20 பி, வி.ஜி., 1999-06-04’.

முதல் சொல் வணிக நிர்வாகம். அடுத்துள்ள ‘சி’ மதிப்பெண் அல்ல, அவசரத்தில் பலர் சறுக்கும் இடம் இது. ஒரு பாடத்தின் முதல் 20 புவெங் ‘ஏ’, 21 முதல் 40 வரை ‘பி’, 41 முதல் 60 வரை ‘சி’, அதற்கு மேல் ‘டி’. ‘சி’ வரை போனவர் அந்தப் பாடத்தில் பேச்சலர் ஆழத்துக்குப் படித்தவர். ‘சி-உப்சாட்ஸ்’ என்று இருந்தால் அது பேச்சலர் ஆய்வேடு, ‘டி-உப்சாட்ஸ்’ பழைய மாகிஸ்டர் ஆய்வேடு. இரண்டையும் வெறுமனே ‘எஸ்ஸே’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்துள்ள ‘20 பி’ இருபது பழைய புவெங். வி.ஜி. என்பதுதான் மதிப்பெண். கடைசியில் உள்ள தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஓடுகிறது. 1999 ஜூன் 4, ஏப்ரல் 6 அல்ல.

மொழிபெயர்ப்பில் எண்ணை மாற்றாதீர்கள். ‘20 பாயிண்ட்ஸ்’ என்றே எழுதி, பக்கத்தின் அடியில் ‘ஒரு பாயிண்ட் என்பது ஒரு வார முழுநேரப் படிப்பு, 1.5 ஈ.சி.டி.எஸ். கிரெடிட்டுக்குச் சமம்’ என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேருங்கள். எண்ணையே 30 ஆக்கிவிட்டால், மூலத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரிக்கு அது திருத்தலாகத் தெரியும்.

புதிய பட்டியலில் இன்னொரு சிக்கல் உண்டு. சுவீடனில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். ஐந்து வாரப் பாடம் ‘7,5 எச்.பி.’ என்று வரும். ஆங்கிலத்தில் அது 7.5. தட்டச்சில் அந்தக் காற்புள்ளி விழுந்து 75 ஆனால் ஒரே பாடத்துக்கு ஓர் ஆண்டுக்கு மேல் கணக்கு வரும். முடித்ததும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 30 வர வேண்டும், பாதிநேரம் படித்தவர்களுக்கும் கூடுதல் பாடம் எடுத்தவர்களுக்கும் மட்டும் மாறும்.

கேள்வி: அண்ணன் உயர்தொழில் கல்லூரியில் 400 பாயிண்ட் எடுத்திருக்கிறார். என் பொறியியல் பட்டமே 300தான். அவருடையது பெரிய படிப்பா?
— மாணவர், லண்ட்

பதில்: அளவுகோலே வேறு. ‘யிர்க்கெஸ்ஹொக்ஸ்கூலா’ எனப்படும் உயர்தொழில் கல்வியில் ஒரு வாரத்துக்கு 5 பாயிண்ட், ஆண்டுக்கு 200. அண்ணனின் 400 இரண்டு ஆண்டு, உங்கள் 300 ஐந்து ஆண்டு. அவர் பட்டியலில் ஒய்.எச்.பி. என்று போட்டிருக்கும். முன்னால் உள்ள அந்த ‘ஒய்’ மொழிபெயர்ப்பில் விழாமல் இருக்க வேண்டும். ‘ஹையர் வொகேஷனல் எஜுகேஷன் கிரெடிட்ஸ்’ என்று முழுப் பெயராக எழுதுங்கள். பள்ளி இறுதிச் சான்றிதழில் 2500 பாயிண்ட் வரும். அது மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளிக் கணக்கு. அதைப் பார்த்தும் மலைக்க வேண்டாம்.

கேள்வி: ‘மாகிஸ்டர்’, ‘மாஸ்டர்’ என்று இரண்டு பட்டம் இருக்கிறதே, இரண்டுமே எம்.எஸ்சி.தானே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சுவீடன் சான்றிதழ்களில் அதிகம் சண்டை வரும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ‘மாகிஸ்டர்’ என்று எழுதினாலும் அவர்கள் ‘மயிஸ்தெர்’ என்றுதான் உச்சரிப்பார்கள். ஒரு காலத்தில் பள்ளி வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இன்றைய விதிப்படி மாகிஸ்டர்எக்சாமென் 60 எச்.பி., அதாவது பேச்சலருக்கு மேல் ஓர் ஆண்டு. அதில் 30 முதன்மைப் பாடத்தில் இருக்க வேண்டும், 15 எச்.பி. ஆய்வேடும் அதற்குள் அடக்கம். மாஸ்டர்எக்சாமென் 120 எச்.பி., இரண்டு ஆண்டு. முதன்மைப் பாடத்தில் 60, ஆய்வேடு பொதுவாக 30. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘டிகிரி ஆஃப் மாஸ்டர்’தான். பிரித்துக் காட்டுவது அடைப்புக்குறிக்குள் வரும் ‘60 கிரெடிட்ஸ்’, ‘120 கிரெடிட்ஸ்’ என்ற எண் மட்டுமே. பட்டப் பெயரின் பகுதியே அந்த அடைப்புக்குறி. விண்ணப்பப் படிவத்தில் இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிடுகிறார்கள். பிறகு சான்று சரிபார்க்கும்போது, ஓராண்டுப் பட்டத்தை இரண்டாண்டு என்று காட்டியதாகப் பிரச்சினை கிளம்புகிறது. இடம் இல்லையென்றால் ‘டிகிரி ஆஃப்’ என்பதை விடுங்கள், எண்ணை விடாதீர்கள்.

பழைய மாகிஸ்டர் வேறு கதை. 2007 ஜூலைக்கு முந்தைய விதிப்படி அது நான்கு ஆண்டுக்கான முழுப் பட்டம், மொத்தம் 160 புவெங். மாஸ்டர்எக்சாமென் என்ற ஒன்றே அப்போது கிடையாது. பழைய மாகிஸ்டரின் ஆங்கிலப் பெயரில் ‘60 கிரெடிட்ஸ்’ ஒட்டினால் நான்கு ஆண்டை ஓர் ஆண்டாகச் சுருக்கியதாகும். தேதியை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே சேர்ந்தவர்கள் 2015 ஜூன் வரை பழைய விதியிலேயே பட்டம் வாங்க இடைக்கால ஏற்பாடு இருந்தது. எனவே 2012 தேதியிட்ட சான்றிதழும் பழைய பட்டமாக இருக்கலாம். மொத்த எண்ணைப் பாருங்கள். 160 புவெங் என்றோ 240 எச்.பி. என்றோ இருந்தால் பழையது, 60 எச்.பி. என்று இருந்தால் புதியது.

உங்கள் கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: இது நம் ஊர் எம்.எஸ்சி.க்குச் சமமா? மொழிபெயர்ப்பாளர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. இந்தியாவில் வெளிநாட்டுப் பட்டத்தின் சமநிலையை அதற்கென்று உள்ள அமைப்புதான் பார்த்துச் சொல்லும். மொழிபெயர்ப்பில் ‘எம்.எஸ்சி.க்கு இணையானது’ என்று ஒரு சொல் சேர்த்தாலும் அது மொழிபெயர்ப்பாகாது, மதிப்பீடாகிவிடும்.

கேள்வி: நான் கணினிப் பொறியாளன். என் பட்டம் ‘சிவீல்இன்ஷென்யோர்’. சிவில் இன்ஜினியர் என்று எழுதியதால் கட்டட நிறுவனங்களிலிருந்து அழைப்பு வருகிறது.
— வாசகர், லின்ஷொப்பிங்

பதில்: அந்தச் சொல்லில் உள்ள ‘சிவில்’ ராணுவப் பொறியாளர் அல்லாதவர் என்ற பொருளில் வந்தது. இயந்திரம், மின்சாரம், கணினி எதைப் படித்தாலும் ஐந்தாண்டுப் பொறியியல் பட்டத்துக்கு அதுதான் பெயர். ஆங்கிலத்தில் ‘டிகிரி ஆஃப் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ் இன் இன்ஜினியரிங்’, 300 கிரெடிட். 2007க்கு முன் 180 புவெங், நாலரை ஆண்டு. பாலமும் சாலையும் கட்டும் படிப்பு உண்மையில் ‘வெக் ஒக் வாட்டென்பிக்னாட்’, அதாவது சாலை–நீர்க் கட்டுமானம்.

மூன்றாண்டுப் பட்டம் ‘ஹொக்ஸ்கூலெஇன்ஷென்யோர்’, 180 எச்.பி. அது பேச்சலர் ஆஃப் சயின்ஸ் இன் இன்ஜினியரிங். ‘யும்நாசிஇன்ஷென்யோர்’ என்று வந்தால் அது மேல்நிலைப் பள்ளியை ஒட்டிய தொழில்நுட்பப் படிப்பு, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. மூன்றையுமே ‘இன்ஜினியர்’ என்று மொத்தமாக எழுதுவதால்தான் குழப்பம்.

இதே ‘சிவில்’ வணிகப் படிப்பிலும் உண்டு. ‘சிவீல்எகொனோம்’ நான்கு ஆண்டு, 240 எச்.பி. ஆங்கிலத்தில் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ் இன் பிசினஸ் அண்ட் எகனாமிக்ஸ்.

கேள்வி: ‘ஹொக்ஸ்கூலா’வை ஹை ஸ்கூல் என்றும் ‘யும்நாசியும்’ என்பதை ஜிம்னாசியம் என்றும் கூகுள் காட்டுகிறது. சரியா?
— வாசகி, மதுரை

பதில்: ஹொக்ஸ்கூலா உயர்கல்வி நிறுவனம். யும்நாசியும் மேல்நிலைப் பள்ளி, ஒன்பது ஆண்டுக் கட்டாயப் பள்ளிக்குப் பிறகு வரும் மூன்று ஆண்டு. ஆங்கிலத்தில் ‘அப்பர் செகண்டரி ஸ்கூல்’. உடற்பயிற்சிக்கூடமாக்கிவிட வேண்டாம்.

நிறுவனப் பெயரை மட்டும் ஒருபோதும் நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் தன் ஆங்கிலப் பெயரைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறது. சுவீடிஷில் எல்லாமே ஹொக்ஸ்கூலாதான், ஆங்கிலத்தில் ஒன்று ‘கே.டி.எச். ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி’, இன்னொன்று ‘சால்மர்ஸ் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி’, மற்றொன்று ‘ஸ்டாக்ஹோம் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்’. ‘ஹொக்ஸ்கூலான் ஈ பொரோஸ்’ என்பது ‘யூனிவர்சிட்டி ஆஃப் பொரோஸ்’. சால்மர்ஸை ‘டெக்னிகல் ஹை ஸ்கூல்’ என்று எழுதினால் பொறியாளர் பிளஸ் டூ மாணவராகிவிடுவார். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஆங்கிலப் பதிப்பைத் திறந்து, மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: ஒருவரின் சான்றிதழில் ‘மெடிசீனெ டொக்டொர்’ என்று இருக்கிறது. எம்.டி. என்று போடலாமா?
— மொழிபெயர்ப்பாளர், திருச்சி

பதில்: போடாதீர்கள். மெடிசீனெ டொக்டொர் மருத்துவ அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டம். ஊசியே போடாத உயிர்வேதியியலாளரும் அதை வாங்கியிருக்கலாம். மருத்துவர் பட்டம் ‘லேக்கார்எக்சாமென்’. அதன் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயர் ‘டிகிரி ஆஃப் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ் இன் மெடிசின்’. பார்க்க முதுநிலை ஆய்வுப் படிப்பு போல இருக்கிறதே என்று எம்.பி.பி.எஸ். ஆக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டு, 330 எச்.பி. என்று இருந்தது. 2021 இலையுதிர் பருவத்தில் தொடங்கிய புதிய படிப்பு ஆறு ஆண்டு, 360 எச்.பி. இந்த எண் வெறும் அலங்காரம் அல்ல. பழைய படிப்பில் பட்டத்துக்குப் பின் குறைந்தது 18 மாதம் ‘ஏ.டி.’ எனும் பயிற்சிப் பணி முடித்தால்தான் உரிமம். புதிய படிப்பில் பட்டம் வாங்கியதும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த உரிமத்துக்குச் சுவீடிஷில் ‘லெகிட்டிமஷூன்’ என்று பெயர், தருவது சமூகநல–சுகாதார வாரியமான சொசியால்ஸ்டீரெல்சென். ஆங்கிலத்தில் ‘லைசென்ஸ் டு பிராக்டிஸ்’. இதே சொல்லுக்கு அடையாள அட்டை என்ற பொருளும் உண்டு. மருத்துவமனைக் கடிதத்தில் வந்தால் எது என்பதை வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: லிசென்சியாட் என்றால் லைசென்ஸா? எம்.ஃபில். என்று எழுதலாமா?
— ஆய்வு மாணவி, உப்சாலா

பதில்: இரண்டும் வேண்டாம். லிசென்சியாட் மூன்றாம் படியின் நடுவே நிற்கும் ஆராய்ச்சிப் பட்டம். 120 எச்.பி., அதில் ஆய்வேட்டுக்குக் குறைந்தது 60. ஆங்கிலத்தில் ‘டிகிரி ஆஃப் லைசென்ஷியேட்’. முனைவர் பட்டம் 240, ஆய்வேடு குறைந்தது 120. இந்தியாவில் எம்.ஃபில். படிப்பையே யு.ஜி.சி. 2022இல் நிறுத்திவிட்டது, இனி அந்த ஒப்பீட்டால் யாருக்கும் எதுவும் விளங்கப்போவதில்லை.

‘டிஸ்பியூட்டஷூன்’ சண்டை அல்ல, ஆய்வேட்டைப் பொதுவில் எடுத்துரைத்து வாதாடும் நிகழ்ச்சி: ‘பப்ளிக் டிஃபென்ஸ்’. ‘டொசென்ட்’ பட்டமே அல்ல. முனைவருக்குப் பிறகு தகுதி பார்த்துத் தரும் சிறப்புத் தகுதி அது. படிப்பு விவரப் பகுதியில் அதை எழுதாமல் பணிப் பகுதியில் எழுதுங்கள்.

கேள்வி: மதிப்பெண்களை விழுக்காடாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். எப்படி?
— வாசகர், பெங்களூரு

பதில்: மாற்ற வழியே இல்லை. சுவீடன் பட்டங்களுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது, ஒட்டுமொத்தச் சராசரியும் சான்றிதழில் வராது. பல பாடங்களில் யூ, ஜி, வி.ஜி. என்ற மூன்றே நிலைகள்தான்: ஃபெயில், பாஸ், பாஸ் வித் டிஸ்டிங்ஷன். வி.ஜி.யை ‘வெரி குட்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அது தற்செயலான எழுத்து ஒற்றுமை. பொறியியலில் 3, 4, 5 என்று வரும், 5 உச்சம். சில பல்கலைக்கழகங்களில் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை. அங்கே ‘ஈ’ கூடத் தேர்ச்சிதான்.

சட்டப் படிப்பு பட்டியல் கையில் வந்தால் மட்டும் இரட்டைக் கவனம் வேண்டும். அங்கே ஏ.பி., பி.ஏ., பி என்று மூன்று தேர்ச்சி நிலைகள். ‘பி’தான் கடைசி. வேறு துறையில் ‘பி’ வாங்கினால் நல்ல மதிப்பெண், சட்டத்தில் வெறும் தேர்ச்சி. எழுத்தை அப்படியே வைத்து, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அளவுகோலைக் குறிப்பாக அடியில் சேர்த்தால் போதும். விழுக்காட்டுக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டுமென்றால் ‘பொருந்தாது’ என்று எழுதி, குறிப்பை இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: 180 எச்.பி. முடித்துவிட்டேன், ஆனால் பட்டச் சான்றிதழ் வரவில்லை. சுயவிவரத்தில் பேச்சலர் என்று போடலாம்தானே?
— வாசகர், மால்மோ

பதில்: சான்றிதழ் தானாக வராது, விண்ணப்பித்தால்தான் வரும். சுவீடனில் இது பலருக்குத் தெரிவதில்லை. 180 எண்ணிக்கை மட்டும் நிறைந்தால் பட்டமும் ஆகாது. முதன்மைப் பாடத்தில் 90, அதற்குள் 15 எச்.பி. ஆய்வேடு இருக்க வேண்டும். தனித்தனிப் பாடங்களாக எடுத்து 200 எச்.பி. சேர்த்தும், எந்தத் துறையிலும் 90 தொடாதவர்கள் உண்டு. லாடோக் எனும் மாணவர் பதிவு முறைமைக்குள் போய் ‘எக்சாமென்’ பகுதியில் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் கைக்கு வரும் வரை ‘180 கிரெடிட்ஸ் கம்ப்ளீட்டட், டிகிரி நாட் யெட் அவார்டட்’ என்று எழுதுங்கள், அது உண்மையும் கூட.

கேள்வி: பாடப் பெயருக்குப் பக்கத்தில் ஜி1என், ஏ1எஃப் என்றெல்லாம் வருகிறதே?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

பதில்: மதிப்பெண்ணும் அல்ல, மொழித் தேர்ச்சி நிலையும் அல்ல. பாடத்தின் ஆழக் குறியீடு. ‘ஜி’ முதல் படி, ‘ஏ’ இரண்டாம் படி. ஜி1என் என்றால் மேல்நிலைப் பள்ளித் தகுதி போதும். ஜி1எஃப் என்றால் முதல் படிப் பாடம் ஏதோ முடித்திருக்க வேண்டும், ஆனால் 60க்குக் குறைவாக. ஜி2எஃப் என்றால் 60 எச்.பி.யாவது. ஏ1என் நுழைய முதல் படிப் பாடங்களே போதும், ஏ1எஃப் நுழைய இரண்டாம் படிப் பாடமே முடித்திருக்க வேண்டும். ‘ஈ’யில் முடிபவை ஆய்வேட்டுப் பாடங்கள்: ஜி2ஈ பேச்சலர், ஏ1ஈ 60 கிரெடிட் மாஸ்டர், ஏ2ஈ 120 கிரெடிட் மாஸ்டர். குறியீட்டை மாற்றாமல் விட்டு, விளக்கத்தை அடியில் கொடுங்கள்.

கேள்வி: ஒரு படிவத்தில் கல்வி நிலைக்கு ‘எஃப்டர்யும்நாசியால்’ என்றும், இன்னொன்றில் ‘யிர்க்கெஸ்எக்சாமென்’ என்றும் இருக்கிறது. எப்படி எழுத?
— வாசகி, கோத்தன்பர்க்

பதில்: முதலாவது புள்ளிவிவரத் துறை பாணி: மேல்நிலைப் பள்ளிக்குப் பிந்தைய கல்வி, ‘போஸ்ட்-செகண்டரி எஜுகேஷன்’. அந்த அட்டவணைகளில் மூன்று ஆண்டுக்குக் குறைவு, மூன்று ஆண்டும் அதற்கு மேலும் என்று பிரிப்பார்கள். பட்டம் வாங்கினாரா என்பதை அது சொல்லாது, எனவே ‘பேச்சலர்’ என்று மாற்றக் கூடாது.

இரண்டாவது இருதலைச் சொல். பல்கலைக்கழகத்தில் யிர்க்கெஸ்எக்சாமென் என்றால் மருத்துவர், செவிலியர், பொறியாளர் போன்ற தொழில்சார் பட்டம். மேல்நிலைப் பள்ளியில் அதே சொல் தொழிற்பிரிவு மாணவர் வாங்கும் பள்ளி இறுதிச் சான்று, ‘வொகேஷனல் டிப்ளமா’. தலைப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா, பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 1968க்கு முந்தைய ஆவணத்தில் ‘ஸ்டுடென்ட்எக்சாமென்’ வந்தால் அதுவும் பள்ளி இறுதித் தேர்வுதான்.

கேள்வி: நானே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டால் வெளிநாட்டில் ஏற்பார்களா?
— வாசகர், ஸ்டாக்ஹோம்

பதில்: வேலை விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் ஏற்பார்கள், குடியேற்றத்துக்கும் பட்ட மதிப்பீட்டுக்கும் பொதுவாக மாட்டார்கள். சுவீடனில் ‘அவுக்டொரிசெராட் ட்ரான்ஸ்லாட்டொர்’ என்ற பட்டப் பெயரைக் கம்மார்கொலேகியெட் என்ற அரசு அமைப்பு தேர்வு வைத்துத் தருகிறது. ஒவ்வொரு மொழிச் சோடிக்கும், மொழிபெயர்க்கும் திசைக்கும் தனித்தனி அனுமதி. சுவீடிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு அனுமதி உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலிருந்து சுவீடிஷுக்கு மட்டும் உள்ளவர் முத்திரை இங்கே செல்லாது.

அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்றொப்பம் கேட்டால், ‘நோட்டாரியுஸ் பூப்ளிகுஸ்’ எனப்படும் நோட்டரியிடம் போக வேண்டும். அது மூலச் சான்றிதழுக்கா, மொழிபெயர்ப்புக்கா, இரண்டுக்குமா என்று பெறும் அலுவலகத்திடம் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பின்னால் தெரிந்தால் கட்டணம் இருமுறை. இப்போது பல பல்கலைக்கழகங்கள் மின்னொப்பமிட்ட பி.டி.எஃப். ஆகவே பட்டம் தருகின்றன. அதை அச்சிட்டால் ஒப்பம் போய்விடும், கோப்பாகவே அனுப்புங்கள். லாடோக் பட்டியலில் உள்ள சரிபார்ப்புக் குறியீட்டை மொழிபெயர்ப்பிலும் எழுத்து மாறாமல் சேருங்கள். அந்த ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.